பிள்ளையார்பாளையத்தில் ஒரு சின்ன ஸ்டுடியோ... ஒரு ஜோடி காது!

பிள்ளையார்பாளையத்தில் தறிச் சத்தம் கேட்காத நேரம் குறைவு. காஞ்சிபுரத்தின் மேற்குப் பக்கம், கைலாசநாதர் கோயிலை ஒட்டிய இந்தத் தெருக்களில் விடிந்ததுமே பலகை அடிக்கும் ஓசை வீட்டுக்கு வீடு ஆரம்பித்துவிடும். இங்கே வளர்ந்த பிள்ளைகளுக்கு அதுதான் தாலாட்டு, அதுதான் அலாரம். அப்படிப்பட்ட ஊரில், வெளிச்சத்தம் புகாத ஓர் அறையைக் கட்டி, அதில் பாட்டுப் பதிவு செய்ய ஆசைப்பட்டால் எப்படி இருக்கும்?

தறிக்காரக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் அப்படி ஆசைப்பட்டார். தெருவில் எல்லோருக்கும் அவர் 'மைக்செட் தம்பி'. அப்பா தறியில் உட்கார, அம்மா கூட உட்கார்ந்து கரை கோர்க்க, பிள்ளைக்கு மட்டும் நாடாவில் மனம் ஒட்டவில்லை. பதினாறு வயதில் ஒலிபெருக்கி வாடகைக்கு விடுபவரிடம் வேலைக்குச் சேர்ந்தார். திருவிழா, கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம் என்று ஏழு வருடம் ஸ்பீக்கர் பெட்டி தூக்கினார். ராத்திரி முழுக்க அந்தப் பெட்டிக்குப் பக்கத்திலேயே துண்டை விரித்துத் தூங்கவும் செய்தார்.

சேர்த்த பணத்தில் பழைய மிக்ஸர் ஒன்று, இரண்டு ஸ்பீக்கர், ஒரு மைக், 31 பட்டை ஈக்குவலைசர் ஒன்று வாங்கினார். நூல் வைத்திருந்த பின் அறை ஸ்டுடியோ ஆனது. சுவருக்குப் பழைய பஞ்சு மெத்தையும் கனமான போர்வைகளும். பஜனைக் குழுவின் பாட்டு, கடைத் திறப்பு விழா அறிவிப்பு, கோயில் விழா அழைப்பு என்று சின்னச் சின்ன வேலைகள் வந்தன.

அந்த ஈக்குவலைசரை முதன்முதலாகப் பார்த்த அப்பா கேட்டாராம்: "என்னடா இது, வரிசையா இத்தனை குமிழ்? பண்ணை மாதிரி இருக்கு!"

அப்பா சொன்னதில் தப்பில்லை. தொலைபேசி வந்த காலத்தில், கம்பி நீள நீளக் குரலின் கீச்சுப் பகுதி தேய்ந்துபோனது. தேய்ந்ததை மறுபடி சமப்படுத்தப் பிறந்த கருவி என்பதால்தான் 'ஈக்குவலைசர்' என்று பெயர். மனிதக் காது கேட்கும் எல்லை ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸிலிருந்து 20,000 ஹெர்ட்ஸ் வரை. அந்த எல்லையை 31 பங்காக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு குமிழ் வைத்தால் அதுதான் கிராஃபிக் ஈக்குவலைசர். இடது ஓரத்தில் தவிலின் அதிர்வு, நடுவில் குரல், வலது ஓரத்தில் ஜால்ராவின் சிணுங்கல். ஓர் இழையை மட்டும் தொட்டுச் சரி செய்வதுபோல, ஒலியின் ஒரு பட்டையை மட்டும் ஏற்றலாம், இறக்கலாம்.

முதல் பாடம் மின்சாரத்தில் வந்தது. ஆம்ப்ளிஃபயரை முதலில் போட்டுவிட்டு, பிறகு மிக்ஸரையும் ஈக்குவலைசரையும் போட்டால், ஸ்பீக்கரில் 'டப்' என்று இடி விழும். அந்த ஓர் இடி ஸ்பீக்கரைக் கிழிக்கலாம். அதனால் மிக்ஸர், ஈக்குவலைசர், கடைசியாக ஆம்ப்ளிஃபயர் என்பதுதான் வரிசை. அணைக்கும்போது ஆம்ப்ளிஃபயர் முதலில். மைக் ஒயரைச் செருகும்போதும் உருவும்போதும் சத்தத்தைக் குறைத்து, 48 வோல்ட் பொத்தானை அணைத்திருக்க வேண்டும்.

இன்னொன்று, எர்த். 'ம்ம்ம்' என்று இரைச்சல் வருகிறது என்பதற்காக மூன்று முள் பிளக்கில் எர்த் முள்ளை உடைத்துப்போடும் வழக்கம் பல மைக்செட்காரர்களிடம் உண்டு. இரைச்சல் போகலாம். ஆனால் உள்ளே ஒரு ஒயர் உரசினால், அந்த இரும்புப் பெட்டி முழுக்க மின்சாரம் ஏறும். பாடுபவரின் உதடு மைக்கைத் தொட்டுக்கொண்டிருக்கும். இரைச்சல் நிற்க, எல்லாக் கருவியையும் எர்த் சரியாக உள்ள ஒரே இணைப்பிலிருந்து எடுத்து, ஒயர்களைச் சரி பார்ப்பதுதான் முறை.

இரண்டாவது பாடம் குமிழ்களில். எல்லாவற்றையும் நடுவில், பூஜ்ஜியத்தில் வைத்துத்தான் தொடங்க வேண்டும். சிவப்பு விளக்கு எரியாத அளவுக்குச் சத்தத்தை அமைத்த பிறகே குமிழைத் தொட வேண்டும். ஒரு பட்டையை 3 டெசிபல் ஏற்றினால், அந்தப் பட்டைக்கு ஆம்ப்ளிஃபயர் ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி தர வேண்டும். 10 டெசிபல் ஏற்றினால் பத்து மடங்கு! ஒரு விரல் அசைவுதான். ஆனால் ஆம்ப்ளிஃபயர் திணறும், ஒலி முறியும், கீச்சு ஸ்பீக்கரின் காயில் கருகும். 'குரல் தெளிவாக இல்லையே' என்று தோன்றினால், தெளிவை ஏற்றுவதற்கு முன் தெளிவை மறைப்பதை இறக்கிப் பார்க்க வேண்டும். அறையின் கும்மென்ற சத்தம் பெரும்பாலும் 200 முதல் 400 ஹெர்ட்ஸுக்குள் உட்கார்ந்திருக்கும். அங்கே கொஞ்சம் இறக்கினாலே குரல் தானாக முன்னே வரும்.

தறியையும் ஈக்குவலைசரால் வெல்லப் பார்த்தார். தரை வழியாக வரும் அதிர்வை, 80 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டியதும் அடக்க முடிந்தது. பலகை அடிக்கும் 'டக்'கை முடியவில்லை. அது எல்லாப் பட்டையிலும் பரவி இருக்கிறது. அதை வெட்டினால் குரலும் போகும். கடைசியில் அமாவாசைதான் கைகொடுத்தது. அவர்கள் வீட்டில் அன்றைக்குத் தறி ஏறுவதில்லை. முக்கியமான பதிவெல்லாம் அமாவாசைக்கு என்று ஆயிற்று.

கருவி செய்ய முடியாததை இடமும் நேரமும் செய்யும் என்பது இந்த ஊருக்குப் புதிதல்ல. காஞ்சிபுரம் தனகோடி அம்மாள் கிராமபோன் தட்டுக்குப் பாடிய காலத்தில் குமிழும் இல்லை, மைக்கும் இல்லை. 1925-க்கு முன் எல்லோரும் ஒரு புனலுக்கு முன்னால் நின்றுதான் பாடினார்கள். யார் கிட்டே நிற்பது, யார் தள்ளி நிற்பது என்பதே அன்றைய ஈக்குவலைசர். இன்றைக்கும் மைக்கை நாலு விரல் தள்ளி வைத்தால் தீரும் பிரச்னைக்குக் குமிழைத் திருகுவது வீண்.

இவ்வளவையும் தெரிந்துகொண்டவருக்கு வந்த சோதனை வேறு இடத்திலிருந்து.

இரண்டு வீடு தள்ளியிருக்கும் அத்தை ஒருவர், பஜனைக் குழுவில் முன்பாட்டுப் பாடுபவர். அவருடைய அம்மன் பாட்டைப் பதிவு செய்தார். கேட்கும்போது குரல் மங்கலாக, துணியால் மூடியதுபோல இருந்தது. 3,150, 4,000, 5,000, 6,300 என்று வலது பக்கக் குமிழ்களை ஏற்றினார். இன்னும் கொஞ்சம் ஏற்றினார். 'இப்பதான் பளிச்சுனு இருக்கு' என்று அனுப்பினார்.

மறுநாள் காலையில் அத்தை நேரில் வந்துவிட்டார். "ஏம்பா, இது என் குரலா? தட்டுல கரண்டியால கீறுற மாதிரி இருக்கு!"

அவருக்குக் கோபம். ஒயரை மாற்றினார், மைக்கை மாற்றினார். மறுபடி பதிவு. மறுபடி அதே புகார். பிறகு வேறு இருவரும் அதையே சொன்னார்கள்.

விடை ஒரு ராத்திரி அம்மாவிடமிருந்து வந்தது. மின்சாரம் போயிருந்தது. வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். "இந்தச் சில்வண்டு காதைத் துளைக்குதேடா" என்றார் அம்மா. "எந்தச் சில்வண்டு?" என்று கேட்டார் பிள்ளை. அம்மா பேசாமல் அவர் முகத்தையே பார்த்தார்.

அவருக்குக் கேட்டதெல்லாம் ராத்திரியில் எப்போதும் காதுக்குள் கேட்கும் மெல்லிய 'ஙொய்' மட்டும்தான். அது எல்லோருக்கும் கேட்பது என்றே இத்தனை வருடம் நினைத்திருந்தார்.

செவித்திறன் பரிசோதனை அரை மணி நேரத்தில் முடிந்துவிட்டது. கொடுத்த காகிதத்தில் ஒரு கோடு. இடதிலிருந்து ஒழுங்காக வந்து, 4,000 ஹெர்ட்ஸில் பள்ளத்தில் விழுந்து, பிறகு கொஞ்சம் மேலே ஏறியது. வீட்டுக்கு வந்து அந்தக் காகிதத்தை ஈக்குவலைசருக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். காகிதத்தில் எங்கே பள்ளமோ, குமிழ்களில் அங்கே மேடு. அத்தையின் குரலுக்கென்று அவர் செய்த அலங்காரம், தன் காதுக்குப் போட்ட ஒட்டு!

அதிகச் சத்தம் முதலில் தின்பது இந்த 3,000 முதல் 6,000 ஹெர்ட்ஸ் பகுதியைத்தான். உள்காதில் ஒலியை உணரும் நுண்ணிய மயிர்ச் செல்கள் ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை. 85 டெசிபல் சத்தத்தில் ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்பது வேலையிடங்களுக்குச் சொல்லப்படும் வரம்பு. அதற்கு மேல் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும். 88-க்கு 4 மணி, 91-க்கு 2 மணி, 100-க்கு 15 நிமிடம். திருவிழா ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் தூங்கிய பையனின் கணக்கு எப்போதோ தீர்ந்துபோயிருந்தது.

சில நாள் அந்த அறையைத் திறக்கவே இல்லை. தறியை விட்டு வந்தவருக்கு, வந்து சேர்ந்த தொழிலும் கையை விட்டுப் போகிறதோ என்ற பயம். அப்பாதான் பேசினார். "எனக்கு மட்டும் இருபது வயசுக் கண்ணா இருக்கு? நூல் தெரியலன்னா உங்கம்மாவைக் கேட்கிறேன். விளக்கைக் கிட்ட இழுத்துக்கிறேன். எங்க தெரியலன்னு தெரியுது இல்ல... அது போதும்."

மறுபடி அறையைத் திறந்தார். வேலை செய்யும் முறை மாறியது. கம்ப்யூட்டர் திரையில் ஒலியின் வரைபடத்தைப் பார்த்தே கீச்சுப் பகுதியைத் தொடுகிறார். நன்றாகப் பதிவான, தனக்குப் பழகிய பாட்டு ஒன்றை முதலில் ஓடவிட்டு, அதோடு ஒப்பிடுகிறார். ஈக்குவலைசரை அணைத்தும் போட்டும் இரண்டையும் கேட்கிறார். வலது ஓரக் குமிழ்களுக்கு இறுதி முடிவு பள்ளியில் படிக்கும் தங்கையுடையது. ஹெட்போனில் நீண்ட நேரம் உட்காருவதில்லை. சாதாரணப் பேச்சைவிடக் கொஞ்சம் கூடுதலான சத்தம், மணிக்கு ஒருமுறை பத்து நிமிடம் வாசல் காற்று.

அத்தையின் பாட்டை அடுத்த அமாவாசையில் மறுபடி பதிவு செய்தார். 4,000 ஹெர்ட்ஸ் குமிழைப் பூஜ்ஜியத்தைவிட்டு அசைக்கவில்லை. அவர் காதுக்கு அது இன்னும் மங்கல்தான். விரல் பரபரத்தாலும் அப்படியே அனுப்பினார். "இப்பதான்பா நான் பாடின மாதிரி இருக்கு" என்றார் அத்தை. தனக்குக் கேட்காத ஒன்றை நம்பி அவர் கொடுத்த முதல் பாட்டு அது.

இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதி. குறிப்பிட்ட சில விழா நாட்களுக்கு மட்டும் நள்ளிரவு வரை அரசு விலக்கு தரலாம். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபல் என்று வரம்பும் உண்டு. இந்த விதி தெருவில் தூங்குகிறவர்களைக் காப்பாற்றும். ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நிற்கும் பையன்களை யார் காப்பாற்றுவது?

வைகாசியில் வரதராஜப் பெருமாள் கருட சேவை வரும்போது ஊரெங்கும் மைக்செட் வேலை. தன்னோடு முன்பு பெட்டி தூக்கியவர்களிடம், காதில் செருகும் நுரைப் பஞ்சுப் பொட்டலங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தார் மைக்செட் தம்பி. "எங்களுக்கெல்லாம் பழகிப்போச்சுண்ணா" என்று சிரித்தார்கள். பழகிப்போவது என்றால் என்ன என்று அவர் விளக்கவில்லை. சட்டைப் பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துப் பள்ளத்தைக் காட்டினார். சிரிப்பு நின்றது. அதில் சின்னப் பையன் ஒருவன் மட்டும் கையை நீட்டி இரண்டு பஞ்சு வாங்கிக்கொண்டான்.