அலியா, மார்சியானோவா? வெங்காய ஊரில் ஒரு கற்பனைக் குத்துச்சண்டை!

'சச்சினா, கோலியா?', 'எம்.ஜி.ஆரா, சிவாஜியா?' என்று நம்மூர் டீக்கடை பெஞ்சில் ஆரம்பிக்கும் பேச்சு, டீ ஆறிய பிறகும் முடியாது. அமெரிக்காவிலும் அப்படியொரு தீராத வழக்கு உண்டு. முகமது அலியும் ராக்கி மார்சியானோவும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்? மைக் டைசனை ஜோ லூயிஸ் வீழ்த்தியிருப்பாரா? வெவ்வேறு காலத்து வீரர்களை மனசுக்குள்ளேயே மேடை ஏற்றி மோதவிடுவது குத்துச்சண்டை ரசிகர்களின் பரம்பரை வியாதி. அந்த வியாதிக்காரர்கள் ஒருமுறையாவது போய்வர ஆசைப்படும் ஊர் ஒன்று இருக்கிறது. பெயர், கனஸ்டோட்டா.

நியூயார்க் நகரத்திலிருந்து வடமேற்கே சுமார் 420 கிலோமீட்டர். காரில் போனால் நாலரை மணி நேரம் ஆகும். ரயிலில் வருபவர்கள் சிராக்யூஸில் இறங்கி, அங்கிருந்து கிழக்கே அரை மணி நேரம் காரில் வரலாம். ஐயாயிரம் பேர்கூட இல்லாத சின்ன ஊர். ஒரு காலத்தில் சரக்குப் படகுகள் போன ஈரி கால்வாய் ஊரை ஒட்டி ஓடுகிறது. அதன் பழைய கரையில் இப்போது மக்கள் நடக்கிறார்கள், சைக்கிள் ஓட்டுகிறார்கள். குளிர்காலத்தில் பனி கொட்டித் தீர்க்கும் பகுதி என்பதால், ஜூன் தொடங்கி அக்டோபர் வரை போவது நல்லது.

இந்த ஊருக்கு 'வெங்காய ஊர்' என்றே பட்டப்பெயர். சதுப்பு நிலத்தை வடித்து எடுத்த கன்னங்கரேல் மண்ணில் வெங்காயம் செழித்து வளர்ந்தது. அந்த வயல்களில் முதுகு வளைத்தவர்களில் பலர் இத்தாலியிலிருந்து வந்து குடியேறியவர்கள். அப்படியொரு வெங்காய விவசாயியின் மகன்தான் கார்மன் பசிலியோ.

ஊர் கொண்டாடிய இருவர்

1955-ல் சிராக்யூஸில் டோனி டிமார்கோவை வீழ்த்தி வெல்டர்வெயிட் உலகச் சாம்பியன் ஆனார் பசிலியோ. 1957-ல் ஒரு படி மேலே போய், மிடில்வெயிட் பட்டத்துக்காக சுகர் ரே ராபின்சனுடன் மோதினார். ராபின்சன் சாதாரண ஆள் இல்லை. 'எல்லா வீரர்களும் ஒரே எடையில் இருந்தால் யார் பெரியவர்?' என்று ரசிகர்கள் கேட்டுக்கொண்ட கேள்விக்குப் பதிலாகச் சொல்லப்பட்ட பெயர் அவருடையது. யாங்கி ஸ்டேடியத்தில் 15 ரவுண்டும் நின்று சண்டை போட்டு, அவரைப் புள்ளிக் கணக்கில் தோற்கடித்தார் வெங்காய வயல் பையன். அடுத்த வருடமே சிகாகோவில் மறு மோதல். பசிலியோவின் ஒரு கண் வீங்கி முழுதாக மூடிக்கொண்டது. ஒற்றைக் கண்ணோடு கடைசி மணி வரை நின்றார். பட்டம் கைமாறியது, மரியாதை மட்டும் மாறவில்லை.

1970-ல் பசிலியோவின் சகோதரி மகன் பில்லி பேக்கஸ், ஹோசே நாபோலஸை வீழ்த்தி வெல்டர்வெயிட் சாம்பியன் ஆனார். இத்தனை சின்ன ஊரிலிருந்து இரண்டு உலகச் சாம்பியன்கள், அதுவும் மாமாவும் மருமகனும்! ஊர்க்காரர்கள் சும்மா இருப்பார்களா? இருவருக்கும் ஒரு நினைவிடம் அமைக்க நிதி திரட்டினார்கள். அந்த எண்ணம் வளர்ந்து வளர்ந்து, 1989-ல் 'சர்வதேச குத்துச்சண்டை ஹால் ஆஃப் ஃபேம்' என்ற அருங்காட்சியகமாகத் திறக்கப்பட்டது.

முஷ்டிக்கு முஷ்டி

உள்ளே போனால் சுவரெங்கும் வீரர்களின் பெயர்ப் பலகைகள். கிளவுஸ் இல்லாமல் வெறுங்கையால் அடித்துக்கொண்ட 18, 19-ம் நூற்றாண்டு வீரர்களுக்கும் இடம் உண்டு, நாம் டி.வி-யில் பார்த்தவர்களுக்கும் உண்டு. பெல்ட்டுகள், அங்கிகள், பழுப்பேறிய கிளவுஸ்கள் வரிசையாக இருக்கின்றன.

குழந்தைகளோடு போகிறவர்கள் அதிக நேரம் நிற்பது, வீரர்களின் முஷ்டிகளை அச்செடுத்து வைத்திருக்கும் இடத்தில்தான். 1930-களின் சாம்பியனான இத்தாலிய ராட்சசர் பிரிமோ கார்னேராவின் முஷ்டிக்குப் பக்கத்தில் நம் கையை வைத்துப் பார்த்தால், நம்முடையது எலுமிச்சம்பழம் மாதிரி இருக்கும். அங்கேயே கற்பனைச் சண்டை ஆரம்பித்துவிடும். 'இந்தக் கையும் அந்தக் கையும் மோதினால்..?'

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். மார்சியானோவின் உயரம் 5 அடி 10 அங்குலத்துக்குச் சற்று மேல். எடை சுமார் 85 கிலோ. அலி 6 அடி 3 அங்குலம். கைகளை விரித்தால் அலிக்கு சுமார் 10 அங்குலம் கூடுதல். ஆனால், மார்சியானோ ஆடிய 49 போட்டிகளில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. 43-ல் எதிராளியை நாக் அவுட் செய்தவர். நீளமான கை ஜெயிக்குமா, நிற்காத கை ஜெயிக்குமா?

இன்னொரு சிக்கல், யார் காலத்து விதிப்படி ஆடுவது? ஜான் எல். சல்லிவன் 1889-ல் வெறுங்கையோடு 75 ரவுண்டு ஆடினார். 1919-ல் ஜாக் டெம்ப்சி, கீழே விழுந்த எதிராளி எழும்போதே பக்கத்தில் நின்று அடித்தார். அன்றைக்கு அது அனுமதிக்கப்பட்டது. அலி காலத்துப் பட்டப் போட்டி 15 ரவுண்டு. 1982-ல் கொரிய வீரர் டுக் கூ கிம், போட்டியில் பட்ட அடியால் இறந்த பிறகு அது 12 ஆகக் குறைக்கப்பட்டது. விதியை மாற்றினால் வெற்றியாளரும் மாறக்கூடும்.

கம்ப்யூட்டர் சொன்ன தீர்ப்பு

இந்தக் கற்பனையை ஒருவர் நிஜமாகவே செய்து பார்த்தார். மயாமியைச் சேர்ந்த வானொலித் தயாரிப்பாளர் முர்ரே வொரோனர், 1967-ல் பழைய, புதிய ஹெவிவெயிட் சாம்பியன்களின் விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, ஒரு கற்பனைப் போட்டித் தொடரை ஒலிபரப்பினார். இறுதியில் ஜெயித்தது மார்சியானோ. அலியோ, ஜிம் ஜெஃப்ரிஸ் என்ற பழங்கால வீரரிடம் தோற்றதாக அறிவிக்கப்பட்டது. கொதித்துப்போன அலி, பத்து லட்சம் டாலர் கேட்டு வழக்குப் போட்டார். கடைசியில் சமரசம்: மார்சியானோவும் அலியும் கேமரா முன் மோத வேண்டும், முடிவைக் கம்ப்யூட்டர் சொல்லும்.

1969-ல் மயாமியில் படப்பிடிப்பு. வியட்நாம் போருக்குப் போக மறுத்ததால் பட்டமும் உரிமமும் பறிக்கப்பட்டு, ஆட மேடை இல்லாமல் இருந்த நேரம் அது அலிக்கு. வயது 27. மார்சியானோவுக்கு 45, ஓய்வு பெற்று 13 வருடம் ஆகிவிட்டது. எடையைக் குறைத்து, வழுக்கையை மறைக்க விக் வைத்துக்கொண்டு வந்தார். எந்த முடிவு வந்தாலும் பொருந்துகிற மாதிரி பல விதமாக நடித்துக் கொடுத்தார்கள் இருவரும்.

படம் முடிந்த சில வாரங்களில், ஆகஸ்ட் 31-ம் தேதி, அயோவா மாநிலத்தில் நடந்த விமான விபத்தில் மார்சியானோ இறந்துபோனார். மறுநாள் அவருக்கு 46-வது பிறந்தநாள். 1970 ஜனவரியில் படம் தியேட்டர்களுக்கு வந்தது. 13-வது ரவுண்டில் மார்சியானோ நாக் அவுட்டில் ஜெயித்ததாகக் காட்டினார்கள். ஐரோப்பாவில் அலி ஜெயிப்பது போன்ற முடிவும் காட்டப்பட்டது. ஊருக்கு ஏற்ற தீர்ப்பு! ஜெயித்ததாகச் சொல்லப்பட்டவர் அதைப் பார்க்க உயிரோடு இல்லை.

நிஜ மேடை

கனஸ்டோட்டாவில் தவறவிடக் கூடாதது, நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனின் பழைய குத்துச்சண்டை மேடை. 1925 முதல் 2007 வரை பயன்பட்டது, இப்போது இங்கே ஓய்வெடுக்கிறது. 1971-ல் ஜோ ஃப்ரேசியர் அலியைக் கீழே சாய்த்து ஜெயித்த அந்தப் புகழ்பெற்ற இரவு இந்த மேடைக்குச் சொந்தம்.

அதே கார்டனில்தான் 1951-ல், இரண்டு தலைமுறைகள் நிஜமாகவே மோதின. வரிப் பாக்கியில் மூழ்கி, பணத்துக்காக 37 வயதில் மேடையேறிய ஜோ லூயிஸை, இளம் மார்சியானோ எட்டாவது ரவுண்டில் கயிறுகளுக்கு வெளியே சாய்த்தார். தன் ஆதர்ச நாயகனை வீழ்த்தியதற்காக மார்சியானோ அழுதார். 1980-ல் லாஸ் வேகாஸில், முன்பு தன் பயிற்சிக் கூட்டாளியாக இருந்த லாரி ஹோம்ஸிடம் 38 வயது அலி வாங்கிய அடியைப் பார்க்க முடியாமல், பத்தாவது ரவுண்டோடு அவருடைய தரப்பே போட்டியை நிறுத்தியது.

அந்த 1980-ன் தொடக்கத்தில்தான் அலி சென்னைக்கு வந்து, நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். எம்.ஜி.ஆரும் கலந்துகொண்ட விழா அது. வடசென்னையின் பெரியவர்கள் சிலர் இன்றும் அந்த நாளைச் சொல்லி மகிழ்கிறார்கள். அவர்கள் பார்த்தது சிரித்த முகத்து அலியை. அதே வருட அக்டோபரில் நடந்தது ஹோம்ஸ் போட்டி.

காலம் நிஜமாக மோதவிட்டபோதெல்லாம் ஒருவர் கிழவராக இருந்தார், அடி வாங்கினார். 1962-ல் கார்டனில் எமில் கிரிஃபித்திடம் அடிபட்ட பென்னி பாரெட், பத்து நாள் கழித்து உயிரையே விட்டார். கற்பனைப் போட்டியில் மட்டும்தான் இருவரும் அவரவர் உச்சத்தில் இருப்பார்கள். லூயிஸுக்கு வரிப் பாக்கி இருக்காது. அலியின் கை நடுங்காது. சண்டை முடிந்ததும் இருவரும் நலமாக வீடு திரும்புவார்கள்.

ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய வீரர்களைச் சேர்க்கும் விழா நடக்கும். ஊர்வலம், கையெழுத்து வேட்டை என்று ஊரே திருவிழாக் கோலம் பூணும். பழைய சாம்பியன்கள் தெருவில் சாதாரணமாக நடந்து வருவார்கள். அந்த வாரத்தில் போக முடிந்தால், அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டு வெளியே கொஞ்ச நேரம் நில்லுங்கள். தாத்தாக்களும் பேரன்களும் 'அலியா, டைசனா?' என்று மோதிக்கொண்டிருப்பார்கள். நீங்களும் கலந்துகொள்ளலாம், நுழைவுச்சீட்டு வேண்டாம்.