வாசல் தெளிக்கும் நேரம்

விடியற்காலையில் தாத்தாவை வீட்டில் பார்க்கவே முடியாது. அப்பாயி சாணி கரைக்க வாளியை எடுக்கிற சத்தம் கேட்டதும், துண்டை உதறிக்கொண்டு கொல்லைப்பக்கமாக வாய்க்கால் கரைக்குப் போய்விடுவார். வாசல் தெளித்து, கோலம் போட்டு, ஈரம் காய்ந்த பிறகுதான் திரும்புவார். காலாற நடந்துவிட்டு வருகிறார் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஆண்டுக்கு ஒருநாள் மட்டும் என்னையும் கூட்டிக்கொண்டு திருத்துறைப்பூண்டிக்குப் புறப்படுவார். செப்டம்பர் 30. வயலில் சம்பா வேலை தலைக்கு மேல் கிடந்தாலும் அன்றைக்கு நிற்காது அவர் கால். வெளுத்த வேட்டி, தோளில் மடிப்புக் கலையாத துண்டு. பண்ணையில் இருந்த காலத்தில் அந்தத் துண்டு தோளில் ஏறியதே இல்லையாம். மிராசுதாரைக் கண்டால் கக்கத்துக்குப் போய்விடுமாம். முள்ளியாற்றுப் பாலம் வந்ததும் ஒருமுறை தோளைத் தொட்டுப் பார்த்துக்கொள்வார்.

ஊரெங்கும் செங்கொடி. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்துக் கடையில் எனக்கு ஒரு சுசியம், அவருக்கு ஒரு டீ. பிறகு பி. சீனிவாசராவின் நினைவிடம். தென் கன்னடத்தில் பிறந்து, 1943-இல் இங்கே வந்து, தட்டுத்தடுமாறித் தமிழ் பேசி, சேரிக் குடிசைகளில் உண்டு உறங்கி விவசாயிகள் சங்கம் கட்டிய மனிதர். 1961-இல் இதே நாளில் மறைந்தார்.

எனக்கு ஒன்பது வயதிருக்கும். மேடையில் ஒருவர் 'சவுக்கடி, சாணிப்பால்' என்றார். பால் என்றதும் ஏதோ தின்பண்டம் போல என்று காதைத் தீட்டிக்கொண்டேன். மாட்டுச் சாணியைத் தண்ணீரில் கரைத்து, வேலைக்குப் பிந்தி வந்த பண்ணையாளின் வாயில் ஊற்றுவது என்று அவர் விளக்கினார். நிமிர்ந்து தாத்தாவைப் பார்த்தேன். டீ குடித்து வெகுநேரம் ஆகியிருந்தது. துண்டின் முனையால் வாயைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அன்றிரவு அப்பாயியிடம், "இனிமே சாணி தெளிக்க வேண்டாம் அப்பாயி" என்றேன். அவளுக்குப் புரிந்துவிட்டது. "சாணி என்னடா பண்ணும்? ஊத்துன கையில்ல பாவம் பண்ணுச்சு" என்றாள். மறுநாளும் தெளித்தாள். அவரும் வாய்க்காலுக்குப் போனார்.

சட்டப் புத்தகத்தில் அடிமைமுறை 1843-லேயே செல்லாது என்றாகிவிட்டது என்பதைக் கல்லூரியில்தான் படித்தேன். அந்தச் சேதி எங்கள் வயல்களுக்கு வந்து சேர நூறு வருஷம் பிடித்திருக்கிறது. 1944-இல் மன்னார்குடியில் மிராசுதார்களும் விவசாயிகள் சங்கமும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில்தான் சவுக்கடியும் சாணிப்பாலும் கூடாது என்று எழுதினார்கள். நினைத்தபோது ஆளை விரட்டுவதைத் தடுக்க 1952-இல் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அடிக்கக் கூடாது என்பதையே ஒப்பந்தம் போட்டு எழுதி வாங்க வேண்டியிருந்தது!

தாத்தாவும் இல்லை, அப்பாயியும் இல்லை. வாசலில் சிமெண்ட் பூசியாயிற்று. குழாய்த் தண்ணீர்தான் தெளிக்கிறோம். செப்டம்பர் 30 வந்தால் நான் மட்டும் போகிறேன். போன வருஷம் பேச்சாளர் அந்த வார்த்தையைச் சொன்னதும், பக்கத்தில் அப்பன் மடியில் இருந்த பொடியன் கேட்டான்: "அது என்ன பாலுப்பா?"

அப்பன் அவனைத் தூக்கி நிமிர்த்தி உட்காரவைத்துச் சொல்லத் தொடங்கினான். நான் துண்டை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டேன்.