சுற்றியது வீடா, தலையா?

உங்கள் பீரோவில் ஆரணிப் பட்டுப் புடவை ஒன்று இருக்கிறதா? இருந்தால் எடுத்து விரித்துப் பாருங்கள். எங்கேயாவது ஒரு விரற்கடை தூரத்துக்கு ஊடை தளர்ந்திருந்தால் கடைக்காரரைத் திட்டாதீர்கள். 2023-ம் ஆண்டு ஆடி மாதத்தில் என் தறியிலிருந்து போன புடவையாக அது இருந்தாலும் இருக்கலாம். அந்த மாதம் முழுவதும் எனக்குத் தலை நிலையாக நிற்கவில்லை!

எங்கள் முள்ளிப்பட்டு, ஆரணிக்குப் பக்கத்து ஊர். பட்டு நெசவுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது. வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் அவர், இன்னொன்றில் நான். குழித்தறியை நீங்கள் பார்த்திருக்கிறீர்களோ, என்னவோ? தரையில் வெட்டிய பள்ளத்துக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்து, மிதியை மிதித்தபடி நெய்ய வேண்டும். தலைக்கு மேலே ஜக்கார்டு பெட்டி இருக்கும். புடவையில் பூ விழுவதெல்லாம் அதில் சுற்றி வரும் துளையிட்ட அட்டைகளின் வேலை. அட்டை எங்கேயாவது சிக்கிக்கொண்டால் அண்ணாந்து பார்த்துச் சரி செய்தாக வேண்டும். இந்த அண்ணாந்து பார்க்கும் சமாசாரத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு வேண்டியிருக்கும்.

எனக்கு அப்போதே நாலு வருஷமாகத் தைராய்டு குறைவு. தினம் ஒரு மாத்திரை விழுங்கி வந்தேன். இது ஒன்றும் அதிசயமான வியாதி இல்லை. சென்னை, மும்பை, தில்லி முதலான 8 நகரங்களில் ஆராய்ந்து 2013-ல் வெளியிட்ட கணக்கில், பெரியவர்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 11 பேருக்கு இந்தக் குறைவு இருந்தது. அதிலும் பெண்கள்தான் அதிகம். ஆகவே, இதைப் படிக்கிற உங்களில் பலர் காலையில் அந்தச் சின்ன வெள்ளை மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் இந்தப் பத்திரிகையைக் கையில் எடுத்திருப்பீர்கள்.

ஒரு நாள் விடியற்காலையில் படுக்கையில் வலப்பக்கம் புரண்டேன். அவ்வளவுதான்! உத்தரம், சுவர், ஜன்னல் எல்லாமாகச் சேர்ந்து ராட்டினம் சுற்ற ஆரம்பித்துவிட்டன. பாயை இறுகப் பிடித்துக்கொண்டேன். அரை நிமிஷத்தில் நின்றது. அன்று பிற்பகல் ஜக்கார்டை அண்ணாந்து பார்த்தபோது மறுபடியும் அதே ராட்டினம்.

வீட்டில் ஆளுக்கொரு வைத்தியம் ஆரம்பமாயிற்று. எதிர் வீட்டு அக்கா, "பித்தம்தான், இஞ்சிச் சாறு குடி" என்றார். என் மாமியார் உப்பும் மிளகாயும் எடுத்துச் சுற்றிப் போட்டார். ஏற்கெனவே சுற்றுகிற தலைக்கு இன்னும் மூன்று சுற்று! அவரோ, "எல்லாம் அந்தத் தைராய்டுதான். மாத்திரை போதவில்லை போலிருக்கு" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். அந்தத் தீர்ப்பு எனக்கும் சரியாகவே பட்டது. முடி கொட்டினால் தைராய்டு, கோபம் வந்தால் தைராய்டு என்று பழகிப்போன வீட்டில், தலை சுற்றினால் மட்டும் வேறு காரணம் எதற்கு?

அங்கேதான் ஒரு பெரிய அசட்டுத்தனம் செய்தேன். யாரையும் கேட்காமல் தினம் ஒன்றரை மாத்திரையாக விழுங்கத் தொடங்கினேன். ஐந்தாறு வாரத்தில் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது, கை நடுங்கியது, ராத்திரித் தூக்கம் போயிற்று. தலை சுற்றல் மட்டும் போன பாடில்லை. கடைசியில் ஒரு சாயங்காலம், வெகு நேரம் நெய்துவிட்டுக் குழியிலிருந்து எழுந்தேன். கண் இருட்டியது. பாவின் மேலேயே சாய்ந்துவிட்டேன். முகூர்த்தப் புடவை! அறுந்த இழைகளை ஒவ்வொன்றாக எடுத்து முடிய இரண்டு நாள் பிடித்தது.

"இனிமே நீ தறியில உட்கார வேண்டாம். தார் சுத்திக் கொடு, போதும்" என்றார் அவர். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் ஒரு தறி நின்றால் வீட்டு வருமானத்தில் பாதி நின்றுபோகும். பதினெட்டு வயசிலிருந்து பழகிய தறி வேறு. அன்று ராத்திரி நான் அழுததைத் தைராய்டு கணக்கில் யாரும் எழுத வேண்டாம்.

மறுநாள் ஆரணியில் ஒரு லேடி டாக்டரிடம் போனோம். அந்த அம்மாள் என் கழுத்தைத் தொட்டுப் பார்ப்பதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்டார்: "உங்களைச் சுற்றி வீடு சுற்றுகிறதா? அல்லது கண் இருட்டி மயக்கம் வருகிற மாதிரி இருக்கிறதா?"

யோசித்துப் பார்த்தேன். புரண்டு படுத்தாலும் அண்ணாந்தாலும் வீடு சுற்றுகிறது. குழியிலிருந்து எழுந்தால் கண் இருட்டுகிறது. சொன்னேன்.

"அப்படியானால் உங்களுக்கு இருப்பது ஒரு தலை சுற்றல் இல்லை, இரண்டு!" என்றார்.

முதலில் ரத்தப் பரிசோதனை. ஹீமோகுளோபின் 8.4 தான் இருந்தது. பெண்களுக்கு 12 வேண்டுமாம். கண் இருட்டுவதற்கு அது போதாதா? தைராய்டு குறைந்தால் சிலருக்கு மாதாந்தர உதிரப்போக்கு அதிகமாகும். அதனாலும் ரத்தம் குறையும். எனக்கு அப்படித்தான். நாலு வருஷமாக நானும் அதைச் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. பி-12 சத்துக் குறைவு, ரத்த அழுத்த மாத்திரை, சர்க்கரை தாழ்வது, இதயம் மெதுவாக அடிப்பது, இவற்றாலும் எழுந்தவுடன் கண் இருட்டுமாம். ஒவ்வொன்றையும் பார்த்து, இல்லை என்று தெரிந்த பிறகுதான் விட்டார். என்னுடைய ஒன்றரை மாத்திரை விவகாரமும் ரத்தத்திலேயே அம்பலமாகிவிட்டது. படபடப்பு அந்த அரை மாத்திரையின் கைங்கரியம்! நன்றாகத் திட்டிவிட்டு, பழைய அளவுக்கே திரும்பச் சொன்னார்.

இரும்புச் சத்து மாத்திரையைக் கொடுக்கும்போது ஒரு விஷயம் சொன்னார். சொல்லாவிட்டால் இரண்டையும் ஒரே வாயில் போட்டிருப்பேன். தைராய்டு மாத்திரையோடு இரும்பு மாத்திரையோ கால்ஷியம் மாத்திரையோ சேர்ந்தால், தைராய்டு மருந்து உடம்பில் சரியாகச் சேராது. நடுவில் 4 மணி நேரமாவது இடைவெளி வேண்டும். காலைக் காப்பிகூட மாத்திரை போட்டு அரை மணியாவது கழித்துத்தான்.

இன்னொரு தலை சுற்றலுக்கு வேலூரில் ஒரு காது டாக்டரிடம் அனுப்பினார். தலை சுற்றலுக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்றுதானே கேட்கிறீர்கள்? நானும் கேட்டேன். அவர் பதில் சொல்லாமல், என் தலையை வலப்பக்கம் திருப்பி, சட்டென்று மல்லாக்கச் சாய்த்து, கட்டிலின் விளிம்புக்கு வெளியே தொங்கவிட்டார். ஐயோ! அதே ராட்டினம். நான் "போச்சு, போச்சு" என்று கத்துகிறேன், அவர் என் விழிகள் துடிப்பதைப் பார்த்துவிட்டு, "ரொம்ப நல்லது!" என்கிறார்.

உட்காதில் ரசமட்டம் மாதிரி திரவம் நிறைந்த மூன்று வளைந்த குழாய்கள் உண்டு. அவற்றுக்குப் பக்கத்து அறையில் கண்ணுக்குத் தெரியாத சுண்ணாம்பு மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அவற்றில் சில கழன்று குழாய்க்குள் புகுந்துவிட்டால், தலையைச் சாய்க்கும்போது உருண்டு திரவத்தை அசைக்கும். நாம் அசையாமல் இருந்தாலும் மூளை, 'சுற்றுகிறாய்' என்று நம்பிவிடும். காதுக்கும் தலை சுற்றலுக்கும் உள்ள உறவை ஆராய்ந்தவர் வியன்னாவைச் சேர்ந்த பாரனி என்ற டாக்டர். காதைக் கழுவும் நீர் அதிகக் குளிர்ச்சியாகவோ சூடாகவோ இருந்தால் நோயாளிக்குத் தலை சுற்றுவதைக் கவனித்தார். அந்த ஆராய்ச்சிக்கு 1914-ம் ஆண்டின் நோபல் பரிசு கிடைத்தது. பரிசுச் செய்தி வந்தபோது பாவம், அவர் ரஷ்யாவில் யுத்தக் கைதி!

கழன்ற மணிகளை எடுக்க ஆபரேஷன் வேண்டாம், மருந்தும் வேண்டாம். அமெரிக்க டாக்டர் எப்லி 1992-ல் எழுதி வெளியிட்ட முறைப்படி, தலையை ஒவ்வொரு கோணமாகத் திருப்பி மணிகளைப் பழைய அறைக்கே உருட்டிவிடுகிறார்கள். எனக்குச் சில நிமிஷங்கள்தான் ஆயிற்று. ஒரு வாரம் கழித்து மறுபடி ஒரு தடவை. அதோடு ராட்டினம் நின்றது. சிலருக்குத் திரும்ப வருமாம். வந்தால் திரும்ப வரச் சொல்லியிருக்கிறார். கழுத்து வலி உள்ளவர்கள் இதை வீட்டில் தாங்களாகச் செய்து பார்க்கக் கூடாது என்றும் எச்சரித்தார்.

இன்னொன்றையும் கண்டிப்பாகச் சொன்னார். தலை சுற்றலோடு பேச்சுக் குழறினாலோ, ஒரு பக்கம் கை கால் மரத்தாலோ, பொருள் இரண்டிரண்டாகத் தெரிந்தாலோ, திடீரென்று தாங்க முடியாத தலைவலி வந்தாலோ, நிற்கவே முடியாவிட்டாலோ, இஞ்சிச் சாற்றுக்குக் காத்திருக்காமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விட வேண்டும்.

இப்போது என் தறி மறுபடியும் ஓடுகிறது. காலை 5 மணிக்கு வெறும் தண்ணீரில் தைராய்டு மாத்திரை, காப்பி அப்புறம். இரும்பு மாத்திரை மத்தியானம். ரத்தம் 11-க்கு ஏறியிருக்கிறது. அட்டை சிக்கினால் நானேதான் அண்ணாந்து பார்க்கிறேன். பார்ப்பதற்கு முன் கை மட்டும் தானாகவே தறிச் சட்டத்தைப் பிடித்துக்கொள்கிறது.

"எல்லாம் அன்னிக்கு நான் சுத்திப் போட்டதாலதான்" என்கிறார் மாமியார். போன வாரம் கிழக்கே பார்த்து நின்று இன்னொரு தடவை உப்பு மிளகாய் சுற்றினார்.

"யாருக்கு அத்தை?" என்றேன்.

"அந்த வேலூர் டாக்டருக்கு. கைராசிக்காரர், கண் பட்டுடப் போவுது!"