கொடியில் காயும் சாட்சி

வீடு, நினைவு, மாறிப்போன தட்பவெப்பம் இவற்றையெல்லாம் துணியில் தைத்து வெட்டவெளியில் தொங்கவிடுவது இன்று உலகக் கலை. கானா நாட்டுக் கலைஞர் இப்ராஹிம் மஹாமா 2024இல் லண்டன் பார்பிகன் கட்டடத்தைச் சுமார் 2000 சதுர மீட்டர் கைத்தறித் துணியால் போர்த்தினார். தலைமுறை தலைமுறையாக வீடுகளில் காத்துவைத்த பழைய அங்கிகள் அதன்மேல் தைக்கப்பட்டிருந்தன. படத்தைப் பார்த்ததும் எங்க தெருக் கொடிதான் ஞாபகம் வந்தது.

வேலூர், ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி. பாலாற்றங்கரை டேனரிகளில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர்கள் பெரும்பாலும் சேரி ஜனங்கள். தோலில் லாபம் பார்த்தவன் ஒருத்தன், தீட்டைச் சுமந்தவன் இன்னொருத்தன். கழிவும் எங்க கிணத்துக்கே வந்தது. எங்கம்மா துவைத்த வெள்ளைத் துண்டு காய்ந்தால் பழுப்பேறும், அப்பளமாட்டம் விறைக்கும், ஓரத்தில் உப்புப் பூக்கும். "தண்ணி கெட்டத ஆபீசருங்க கண்டுபுடிக்கறதுக்கு முன்னாடி துணி கண்டுபுடிச்சிடும் கண்ணு" என்று சொல்லும்.

வெயிலும் துணியில் தெரிந்தது. சித்திரையில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே உட்கார முடியாது. பழைய புடவையை நனைத்து வாசலில் கட்டுவோம். அப்போது மத்தியானத்தில் ஒருதரம் நனைத்தால் போதும். இப்போது மணிக்கு மூணு தரம். வறண்டு கிடந்த பாலாறு 2021 நவம்பரில் கரைபுரண்டது. அதே மாதம் பேரணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து 9 பேர் செத்தார்கள், அதில் 4 பேர் குழந்தைகள். எங்க தெருவில் ஆணியில் மாட்டியிருந்த பள்ளிக்கூடச் சட்டையிலும் கல்யாணப் புடவையிலும் சேற்றுக்கோடு. எவ்வளவு துவைத்தும் போகவில்லை.

கெடுத்தவனே ஈடுகட்டணும் என்று சுப்ரீம் கோர்ட் 1996 ஆகஸ்டில் சொன்னது. 2025 ஜனவரியில் மறுபடியும் சொன்னது. நடுவில் ஒரு தலைமுறை போய்விட்டது. நஷ்டஈடு என்று பேச்செடுத்தாலே பட்டா எங்கே என்கிறார்கள். கூலிக்குத் தோல் அலசினவனுக்குப் பட்டா ஏது?

தோழர்களே, கறைபட்ட துண்டையும் சேற்றுக்கோட்டுப் புடவையையும் தூக்கியெறிய விடாதீர்கள். எந்த வருஷம், எந்தக் கிணறு, யார் வீடு என்று ஓரத்தில் நூலால் தைக்கச் சொல்லுங்கள். எங்க தெருவில் இதுவரை பதினோரு துணி சேர்ந்திருக்கிறது. வாரமெல்லாம் ஷூ கம்பெனியில் தைக்கிற பெண்கள்தான் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து தைக்கிறார்கள். நூறு சேர்ந்ததும் பாலாற்றுப் பாலத்துக் கைப்பிடி நெடுகக் கட்டப்போகிறோம்.