அடி எடுத்துக் கொடுக்க ஆள் இருந்தால்...

மதுரையிலிருந்து தென்மேற்கே சுமார் 75 கிலோமீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை தெரிய ஆரம்பித்ததுமே ஸ்ரீவில்லிபுத்தூரின் 11 நிலைக் கோபுரமும் கண்ணில் பட்டுவிடும். கோபுரத்தையும் ஆண்டாளின் கையிலுள்ள மாதுளம்பூ மூக்குக் கிளியையும் எப்போது போனாலும் பார்க்கலாம். மார்கழியில் போகிறவர்கள் விடிவதற்கு முன்பே மாட வீதிக்கு வந்துவிட வேண்டும். கோலம் போட்ட கையோடு, சால்வையைப் போர்த்திக்கொண்டு, வயசான பெண்மணிகள் பத்துப் பன்னிரண்டு பேர் திருப்பாவை சொல்லக் கூடிவிடுகிறார்கள்.

30 பாட்டு. எல்லாம் சின்ன வயசில் காதால் கேட்டே பாடமானது. கையில் புத்தகம் கிடையாது. ஒருத்தர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள். நடுவில் யாருக்காவது வரி விட்டுப்போனால் பக்கத்துக் குரல் தாங்கிக்கொள்கிறது. யாரும் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை!

முடிந்ததும் திண்ணையில் ஒரு பாட்டியிடம் பேச்சுக் கொடுத்தேன். வயசு 78. "போன வருஷம் நான் வரவே இல்லைம்மா. பாதியிலே ஒரு பாட்டு சுத்தமா மறந்து போச்சு. புத்தி மழுங்கிடுத்துன்னு ஆத்தோடயே இருந்துட்டேன்" என்றார்.

வெளியே வராததால் பேச்சு குறைந்தது. பேச்சு குறைய, பெயர்களும் நழுவின. தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று பேரனைக்கூடப் பெயர் சொல்லிக் கூப்பிடப் பயம். கடைசியில் பழைய சிநேகிதி, அவருக்கு 80க்கு மேல், வாசலில் வந்து நின்று, "நீ வாயை அசைச்சாப் போறும், வாடி" என்று கையைப் பிடித்து அழைத்துவந்தாராம்.

"இப்போ எல்லாம் ஞாபகம் வந்துடுத்தா, பாட்டி?"

"எங்கே? 22லே இன்னும் தடுக்கறது. தடுக்கினா என்ன, இவ இருக்காளே!"

வயசானால் பெயரும் சொல்லும் நாக்கு நுனியில் நின்று தாமதமாக வருவது சகஜந்தான். அதையே வியாதி என்று எண்ணி ஒதுங்குவதுதான் வம்பு. அவர்கள் காதுபடவே "பாட்டிக்கு ஒண்ணும் ஞாபகமிருக்காது" என்று சொல்கிற நம்மையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். மறதி நோய்க்கு இடம்கொடுக்கும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை 'லான்செட்' மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024ல் வெளியிட்டது. தனிமை அதில் ஒன்று. காது மந்தமும் ஒன்று. பாட்டுச் சொன்னால் நோயே வராது என்று அர்த்தமில்லை. தெரிந்த தெருவிலேயே வழி தப்பினாலோ, சற்றுமுன் கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்டாலோ, பழகிய சில்லறைக் கணக்குக் குழம்பினாலோ டாக்டரிடம் அழைத்துப் போய்விடுங்கள்.

கிளம்பும்போது பால்கோவா எந்தக் கடையில் வாங்கலாம் என்று அந்தப் பாட்டியையே கேட்டேன். "அதான்மா, அந்த முக்குலே... என்னடி அது பேரு?" என்று திரும்பினார். சிநேகிதிக்கும் வரவில்லை. இருவரும் சிரித்துக்கொண்டே கடை வாசல்வரை கூட வந்து காட்டிவிட்டுப் போனார்கள்.