அம்மாவுக்கு எத்தனை எம்.பி.பி.எஸ். வேண்டும்?

“நூறு எம்.பி.பி.எஸ். பத்தாதாம், ஆயிரம் போடணுமாம். ஒரு வீட்டுக்கு எதுக்கும்மா இத்தனை டாக்டருங்க?”

கிள்ளானிலிருந்து அம்மா தொலைபேசியில் கேட்டபோது சிரித்துவிட்டேன். வாசலில் வந்து நின்ற இணையச் சேவை விற்பனையாளர் சொன்னதுதான் அது. எம்.பி.பி.எஸ். என்பது ஒரு விநாடிக்கு எத்தனை மெகாபிட் தரவு வருகிறது என்ற கணக்கு. அம்மாவுக்கு மருத்துவப் பட்டம்தான் நினைவுக்கு வந்திருக்கிறது.

ஆனால் விஷயம் சிரிப்பதற்கில்லை. தம்பி புது வேலையில் தகுதிகாண் காலத்தில் இருந்தான். வாரத்தில் இரண்டு நாள் வீட்டிலிருந்து வேலை. மேல்மாடி அறையில் கூட்டத்தில் பேசும்போதே அவன் முகம் உறைந்துவிடும். மேலாளர் இரண்டு முறை கண்டித்துவிட்டார். “காசு போனா போகுது, பெருசா போட்டுடலாம்” என்றார் அப்பா. பணி ஓய்வு பெற்றவர். கட்டணம் அவர் சேமிப்பிலிருந்துதான் போகிறது. ஒப்பந்தமோ 24 மாதம்.

“சனிக்கிழமை வர்றேன்பா, அதுவரைக்கும் கையெழுத்துப் போடாதீங்க” என்றேன்.

பிரிக்பீல்ட்ஸிலிருந்து போய், சாப்பாட்டு மேசையில் ஒரு தாளை எடுத்து வைத்து, இரவு எட்டு மணிக்கு வீட்டில் யார் என்ன செய்கிறார்கள் என்று எழுதினோம். கூடத்துத் தொலைக்காட்சியில் 4கே படம்: 15. அப்பாவின் பழைய பாடல்கள்: 5. தம்பி மனைவியின் கைப்பேசி நாடகம்: 5. ஐந்தாம் படிவம் படிக்கும் அண்ணன் மகளின் இயங்கலை வகுப்பு: 4. தம்பியின் கூட்டம்: 4. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் 33தான். இரட்டிப்பாக்கினாலும் 66. வீட்டில் ஏற்கெனவே 100 இருந்தது.

அப்புறம் ஏன் துண்டிக்கிறது? கைப்பேசியில் வேகச் சோதனை செய்து பார்த்தேன். ரவுட்டர் பக்கத்தில் 90க்கு மேல். தம்பியின் அறையில் வெறும் 6.

ரவுட்டரைத் தேடினேன். தூசு படக்கூடாது என்று அப்பா அதைத் தொலைக்காட்சி அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்தியிருந்தார். அதற்கு மேல் அம்மா பின்னிய உறை வேறு! வைஃபை அலை அலமாரியையும் செங்கல் சுவரையும் மாடிக் கான்கிரீட்டையும் தாண்டித் தம்பியிடம் போக வேண்டும். 5 கிகாஹெர்ட்ஸ் அலை வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டுவதில் பலவீனம். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், வேகம் குறைவு. வாசலுக்கு ஆயிரம் வந்தாலும் அந்த அறைக்கு அது போய்ச் சேராது.

இந்தப் பாடத்தை நான் 2020இல் படித்தேன். மார்ச் 18ஆம் தேதி நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபின் வீட்டிலிருந்து நிகழ்ச்சி படைத்த நாள்களில், நேரலையில் என் குரல் உடைந்து உடைந்து போனது. வானொலிக்குத் தேவையான குரலை அனுப்ப 128 கிலோபிட் போதும், அதாவது ஒரு மெகாபிட்டில் எட்டில் ஒரு பங்கு. குறை வேகத்தில் இல்லை, வைஃபையின் தடுமாற்றத்தில் இருந்தது. கம்பி இணைத்ததும் குரல் சீரானது.

அன்று மாலையே ரவுட்டரை மாடிப்படி அருகே உயரமாக வைத்தோம். அங்கிருந்து தம்பியின் மேசைக்கு ஒரு லேன் கம்பி. செலவு 50 ரிங்கிட்டுக்குள் முடிந்தது.

2010இல் யுனிஃபை அறிமுகமானபோது 5 எம்.பி.பி.எஸ். திட்டத்திற்கு மாதம் 149 ரிங்கிட். 2018இல் கோபிந்த் சிங் டியோ தொடர்பு அமைச்சராக இருந்தபோது கட்டணங்கள் கணிசமாக இறங்கின. இன்று அதைவிடக் குறைந்த கட்டணத்தில் 100 கிடைக்கிறது. மலிவாகிவிட்டதாலேயே தேவைக்கு மேல் வாங்கிவிடுகிறோம்.

எல்லாருக்கும் 100 போதும் என்று சொல்லவில்லை. 50 கிகாபைட் விளையாட்டை இறக்க 100இல் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும், 1000இல் ஏழு நிமிடம்தான். பல இளைஞர்கள் சேர்ந்து வாடகைக்கு இருக்கும் வீட்டில் பெரிய திட்டம் நியாயம்தான். காணொளி தயாரித்து அனுப்புகிறவர்கள், பதிவேற்றும் வேகம் எவ்வளவு என்று தனியே கேட்க வேண்டும். பல திட்டங்களில் அது பதிவிறக்க வேகத்தைவிடக் குறைவு. விளம்பரத்தில் பெரிதாக இருக்கும் எண் பதிவிறக்கத்துக்கு உரியது.

ஆகவே, கையெழுத்துப் போடுவதற்கு முன் மூன்று காரியம் செய்யுங்கள். இரவு எட்டு மணிக் கணக்கை எழுதுங்கள். ரவுட்டர் பக்கத்திலும் கடைசி அறையிலும் வேகத்தைச் சோதியுங்கள். இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்தால் முதலில் ரவுட்டரை நகர்த்துங்கள். பக்கத்தில் வைத்துச் சோதித்தும் குறைவாக இருந்தால் சேவை நிறுவனத்திடம் புகார் செய்யுங்கள்.

போன மாதம் தம்பிக்கு வேலை நிரந்தரமானது. அம்மா பின்னிய உறை இப்போது மிக்ஸியின் மேல் இருக்கிறது.