கார்லோவால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?

2025 செப்டெம்பர் 7ஆம் நாள் திருத்தந்தை பதினான்காம் லியோ, கார்லோ அகுதிஸைப் புனிதராக அறிவித்தார். அன்றுமுதல் நம் இல்லங்கள் பலவற்றில் அந்த இளைஞரின் படம் இடம்பிடித்திருக்கிறது. சப்பாத்தும் முதுகுப்பையுமாக நிற்கும் ஒரு புனிதரைப் பிள்ளைகளின் படிப்பு மேசையில் காண்பது மகிழ்ச்சியே. அவர் 1991இல் பிறந்து, 2006இல் தமது 15ஆவது வயதில் இரத்தப் புற்றுநோயால் இறந்தவர். கணினியை நேசித்தவர். பிளேஸ்டேஷனில் விளையாடியவர்; ஆனால் வாரத்துக்கு ஒரு மணித்தியாலம் என்று தமக்குத் தாமே எல்லை வகுத்துக்கொண்டவர்.

இந்தக் கடைசிச் செய்திதான் சில வீடுகளில் பிரம்பாக மாறிவருகிறது. “கார்லோவால் முடிந்தது, உன்னால் ஏன் முடியாது?” என்று பெற்றோர் கேட்பதைப் பலமுறை செவியுற்றிருக்கிறேன். பல பிள்ளைகளுக்கு அது ஊக்கம் தரும் கேள்வியாக இருக்கலாம். சில பிள்ளைகளுக்கோ அது தீர்ப்பாகிவிடுகிறது. அந்தச் சிலரை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன்.

சென்ற குளிர்காலத்தில் ஒரு பெற்றோர் தம் 11 வயது மகனோடு பங்கு இல்லத்துக்கு வந்தார்கள். அவர்களுடைய இசைவோடுதான் இதைச் சொல்கிறேன். பெயரும் ஊரும் வேண்டாம். மகனுக்கு ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக்குறைவு மிகையியக்கக் குறைபாடு இருப்பதாக மருத்துவர் கூறியிருந்தார். தாய் அதை நம்பவில்லை. “பாதர், இவனுக்குப் பூசையில பத்து நிமிசம் ஒழுங்கா இருக்க ஏலாது. கேமுக்கு முன்னால இருந்தால் நாலு மணித்தியாலம் அசையமாட்டான். அப்ப கவனம் இருக்குத்தானே? எங்களை ஏமாத்திறான்” என்றார். தந்தை ஒரு பழமொழியோடு முடித்துக்கொண்டார்: “அடியாத மாடு படியாது.”

தாயின் கேள்வி நியாயமானது. அதற்கு விடை கிடைக்காதவரை எந்தப் பெற்றோரும் மருத்துவரின் சொல்லை மனதார ஏற்கமாட்டார்கள்.

இக்குறைபாட்டின் பெயரே நம்மை வழிதவறச் செய்கிறது. இப்பிள்ளைகளிடம் கவனம் இல்லாமல் இல்லை. கவனத்தை வேண்டிய இடத்தில் நிறுத்தவும், வேண்டிய நேரத்தில் அங்கிருந்து விலக்கவும் உதவும் கடிவாளமே அவர்களிடம் தளர்ந்திருக்கிறது. மறையுரை நேரத்தில் அந்தக் கடிவாளத்தைப் பிள்ளையே பிடிக்க வேண்டும். விளையாட்டிலோ, விளையாட்டே அதைப் பிடித்துக்கொள்கிறது. ஓர் ஒலி, ஒரு புள்ளி, ஓர் ஆபத்து, உடனே ஒரு பரிசு என்று ஒவ்வொரு கணமும் அது பிள்ளையை அடுத்த கணத்துக்கு அழைத்துச் செல்கிறது. விளையாடும்போது மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரப்பதை 1998இல் லண்டனில் நடந்த ஓர் ஆய்வு காட்டியது. தாமதித்துக் கிடைக்கும் பலனுக்காகக் காத்திருப்பது இப்பிள்ளைகளுக்கு மற்றவர்களைவிடக் கடினம். காத்திருக்க வேண்டிய தேவையே இல்லாத ஓர் உலகத்தைத் திரை அவர்களுக்குத் திறந்துவிடுகிறது.

ஆகவே, நான்கு மணித்தியாலம் அசையாமல் இருந்தது குறைபாடு இல்லை என்பதற்குச் சான்று அன்று. அங்கிருந்து எழ முடியாமற் போனது அதே குறைபாட்டின் மறுமுகம்.

அப்படியானால் இந்த விளையாட்டுக்கள்தாம் நோயைக் கொண்டுவந்தனவா? அவ்வாறு சொல்வதற்குச் சான்று போதாது. இக்குறைபாட்டில் மரபுவழியின் பங்கு மிகப் பெரிது என்பதை இரட்டையர் ஆய்வுகள் காட்டுகின்றன. லாஸ் ஏஞ்சலிஸ் பகுதி மாணவர் 2,587 பேரை இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வு ஒன்று 2018இல் வெளிவந்தது. டிஜிட்டல் ஊடகங்களை மிக அடிக்கடி பயன்படுத்தியவர்களிடம் கவனக்குறைவின் அறிகுறிகள் ஓரளவு கூடுதலாகத் தோன்றின என்றது அது. ஒன்று மற்றொன்றுக்குக் காரணம் என்று அது நிறுவவில்லை. மறுபுறம், இக்குறைபாடு உள்ளவர்கள் விளையாட்டில் கட்டுண்டுபோகும் அபாயம் கூடுதலானது என்பதைப் பல ஆய்வுகள் சுட்டியுள்ளன. 2022 முதல் நடைமுறையில் உள்ள உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் விளையாட்டுக் கோளாறும் இடம்பெற்றிருக்கிறது. அங்கே அளவுகோல் மணித்தியாலக் கணக்கு அன்று. கட்டுப்பாடு கைநழுவுதல், விளையாட்டு ஏனைய அனைத்துக்கும் முந்திக்கொள்ளுதல், கேடு விளைந்த பின்னும் தொடர்தல் ஆகியவையே அடையாளங்கள்.

விளையாட்டையே மருந்தாக்கும் முயற்சியும் நடந்திருக்கிறது. 8 முதல் 12 வயது வரையான ஏ.டி.எச்.டி. பிள்ளைகளுக்கு மருத்துவர் எழுதிக் கொடுக்கக்கூடிய ஒரு வீடியோ விளையாட்டுக்கு அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2020 யூன் மாதத்தில் அனுமதி அளித்தது. அதன் ஆய்வில் பங்கேற்ற 348 பிள்ளைகளுள் அந்த விளையாட்டை ஆடியவர்கள், கணினிவழிக் கவனச் சோதனையில் கூடுதலாக முன்னேறினார்கள். ஆயினும் பெற்றோர் கண்ட அன்றாட நடத்தையில், வேறொரு விளையாட்டை ஆடிய ஒப்பீட்டுக் குழுவினருக்கும் அவர்களுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. திரையில் பெற்ற கவனம் சாப்பாட்டு மேசைக்குத் தானாக நடந்து வருவதில்லை. யாராவது கைபிடித்து அழைத்துவர வேண்டும்.

அந்தக் கை யாருடையது? இங்குதான் பழமொழியும் புனிதரின் படமும் நம்மை ஏமாற்றிவிடுகின்றன.

பெற்றோர் பேசிக்கொண்டிருந்தபோது சிறுவன் தலைகுனிந்து இருந்தான். அவர்கள் எழுந்து மேலங்கிகளை அணியத் தொடங்கிய வேளையில் என் அருகில் வந்து, தனக்குப் பழக்கமான ஆங்கிலத்தில் மெல்லக் கேட்டான். அவன் கேட்டதன் பொருள் இதுதான்: “கார்லோ நிறுத்தினார். எனக்கு நிறுத்த முடியவில்லை. அப்படியென்றால் இயேசுவை எனக்குப் பிடிக்காது என்றா அர்த்தம்?”

அன்புக்குரியவர்களே, இதைவிடப் பெரிய இழப்பு வேறென்ன? பள்ளிப் புள்ளிகள் குறைந்தால் ஈடுசெய்துவிடலாம். தன் நரம்பின் தளர்ச்சியைத் தன் ஆன்மாவின் தீமை என்று நம்பத் தொடங்கிய பிள்ளையை மீட்டெடுப்பது எளிதன்று. நான் அவனிடம், “நிறுத்த விரும்பி நிறுத்த முடியாமல் வருந்துகிறாயே, அந்த வருத்தமே அன்புதான்” என்றேன். பின்பு பெற்றோரை மறுபடியும் அமரச் சொன்னேன்.

திருச்சபையின் போதனை இதில் நம் பழமொழியைவிட இரக்கமும் தெளிவும் உடையது. பழக்கம், அச்சம், உளவியற் காரணிகள் முதலியன ஒருவருடைய செயலுக்கான பொறுப்பைக் குறைக்கக்கூடும், சில வேளைகளில் இல்லாமற்கூடச் செய்யக்கூடும் என்கிறது கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி, எண் 1735. விளையாட்டைப் பாவம் என்று ஒதுக்கியவரல்லர் புனித தோமா அக்குவினாஸ்; உழைத்துக் களைத்த மனத்துக்கு அது தேவை என்றார். ஆனால் அதற்கு அளவு வேண்டும். அந்த அளவு ஆளுக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் பொருந்த வேண்டும் என்றார். ஆளுக்குப் பொருந்துதல் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். கார்லோவின் ஒரு மணித்தியாலம் கார்லோவுக்குரிய அளவு. அவருக்கு உள்ளிருந்து வந்த எல்லை, இப்பிள்ளைகளுக்குச் சில காலம் வெளியிலிருந்து வரவேண்டியிருக்கிறது. அவ்வாறு எல்லையை இரவல் கொடுப்பது தண்டனை அன்று, பெற்றோரின் பணி.

எப்படிக் கொடுப்பது? அந்தக் குடும்பத்துக்குச் சொன்னவற்றையே இங்கும் சொல்கிறேன். ஃபோர்ட்நைட் போன்ற விளையாட்டில் ஒரு சுற்றை நடுவில் நிறுத்திவைக்க இயலாது. அவ்வேளையில் மின்கம்பியைப் பிடுங்கினால் சண்டைதான் மிஞ்சும். “இன்னும் ஒரு சுற்று” என்று முன்கூட்டியே உடன்பட்டு, அச்சுற்று முடியும்போது அருகில் போய் நில்லுங்கள். அடுத்த அறையிலிருந்து கூப்பிடுவது அவன் காதில் விழாது. தோளில் வைத்த கை விழும். “பத்து நிமிடம்” என்பது இப்பிள்ளைகளுக்கு வெறும் சொல். கண்ணால் காணக்கூடிய நேரங்காட்டி ஒன்றை வையுங்கள். திரை வரவேற்பறையில் இருக்கட்டும், படுக்கையறையில் வேண்டாம். உறக்கத்துக்கு ஒரு மணித்தியாலம் முன்பே அது அணையட்டும். அணைந்த பின் செல்வதற்கு ஓர் இடம் ஆயத்தமாக இருக்கட்டும்: உணவு, பந்து, அப்பாவோடு ஒரு நடை. இவற்றுக்கு மேலாக, மருத்துவர் தரும் சிகிச்சையை ஊராரின் பேச்சுக்கு அஞ்சியோ, செபம் மட்டும் போதும் என்று எண்ணியோ நிறுத்திவிடாதீர்கள். அருள் இயல்பை ஒதுக்கிவிட்டுச் செயற்படுவதில்லை என்பதைக் குருமடத்தின் தொடக்க ஆண்டுகளிலேயே கற்கிறோம்.

இரண்டு வேலை பார்த்துக் களைத்து வரும் உங்களிடம் இன்னொரு சுமையை ஏற்றுகிறேன் என்பது எனக்குத் தெரியும். வெளியே பனி கொட்டும் மாதங்களில், இரவுப் பணிக்குச் செல்லும் பெற்றோருக்கு அந்தத் திரைதான் பிள்ளை காக்கும் ஆயா. குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. சுமையைப் பங்காகச் சுமப்போம் என்பதற்காகவே சொல்கிறேன்.

அச்சிறுவன் இப்போது பீடப்பணியாளன். மணி ஒலிக்கும் பொறுப்பு அவனுடையது. சில ஞாயிறுகளில் அது ஒரு கணம் முந்துகிறது, சில ஞாயிறுகளில் பிந்துகிறது. வீட்டிலும் அப்படியே: சில நாட்களில் இரண்டாம் அழைப்பிலேயே எழுந்துவிடுகிறான், சில நாட்களில் கண்ணீரோடுதான் எழுகிறான். தந்தை பழமொழியைச் சொல்வதை விட்டுவிட்டார். சுற்று முடியும்வரை அருகில் அமர்ந்து, தமக்குச் சற்றும் விளங்காத அந்த விளையாட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறாராம்.

இதே போராட்டம் உங்கள் வீட்டிலும் இருந்தால், ஞாயிறு தமிழ்த் திருப்பலிக்குப் பின் பங்கு மண்டபத்தில் தேநீர் வேளையில் என்னிடம் வந்து பேசுங்கள். பிள்ளையையும் அழைத்து வாருங்கள். அவன் ஓடித் திரிந்தால் பரவாயில்லை; மண்டபம் பெரிது.

இறை ஆசீர் உங்கள் இல்லங்களில் நிலைப்பதாக.